கான்ஃபிக் கோப்பில் இருக்கும் தரவுத்தளக் கடவுச்சொல்லைக் காப்பது எப்படி?

வேர்ட்பிரஸ் தளம் ஒன்றை நிறுவும்போது தரவுத்தளத்தின் பெயர், பயனர் பெயர், கடவுச்சொல், தரவுத்தள சர்வரின் முகவரி ஆகிய நான்கையும் அது கேட்டு வாங்கி, ‘டபிள்யூபி-கான்ஃபிக்.பிஎச்பி’ என்ற ஒரே கோப்பில் எழுதி வைத்துக்கொள்கிறது. லாராவெல் என்ற பிஎச்பி கட்டமைப்பில் எழுதிய செயலிகளில் இதே விவரங்கள் ‘.என்வ்’ கோப்பிலும், மைக்ரோசாஃப்டின் ஏஎஸ்பி.நெட் செயலிகளில் ‘வெப்.கான்ஃபிக்’ கோப்பிலும் இருக்கும். எந்த மொழியில் எழுதப்பட்ட செயலியானாலும், வாடிக்கையாளர்களின் பெயர், தொலைபேசி எண், முகவரி, வாங்கிய பொருள் என அனைத்தையும் திறந்துவிடும் சாவி, வெற்று எழுத்தாக ஏதோ ஒரு கான்ஃபிக் கோப்பில், அதாவது செயலியின் அமைப்புகளை எழுதிவைக்கும் கோப்பில், கிடக்கிறது. அந்தக் கோப்பை எப்படிக் காப்பது என்பதை, லினக்ஸ் சர்வரில் ஓடும் பிஎச்பி செயலியையும் மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தையும் மையமாக வைத்து இங்கே விளக்குகிறேன். சிறு நிறுவனங்களுக்காக நம்மில் பலர் பராமரிக்கும் தளங்கள் இந்த வகைதான்.

கடவுச்சொல்லை மறையாக்கம் (என்க்ரிப்ஷன்) செய்து வைத்துவிடலாமே என்பதே பலரும் முதலில் கேட்கும் கேள்வி. செய்யலாம், ஆனால் நள்ளிரவில் சர்வர் நின்று தானாக மீண்டும் எழும்போது, அருகில் எவரும் இல்லாமலேயே செயலி தரவுத்தளத்துடன் இணைந்தாக வேண்டும். அப்படியானால் மறையை அவிழ்க்கும் திறவுகோலும் அதே சர்வரில், செயலியின் கைக்கெட்டும் இடத்தில் இருந்தாக வேண்டும். செயலிக்குள் புகுந்துவிட்டவனுக்கு அந்தத் திறவுகோலும் எட்டும். பூட்டைப் பூட்டிச் சாவியை அதே கதவில் தொங்கவிடுவது போன்றதுதான் இது. ஏஎஸ்பி.நெட்டில் ‘ஏஎஸ்பிநெட்_ரெஜ்ஐஐஎஸ்’ என்ற கருவியைக் கொண்டு ‘வெப்.கான்ஃபிக்’கின் இணைப்புப் பகுதியை மட்டும் மறையாக்கம் செய்ய முடியும். திறவுகோல் அந்த இயந்திரத்திலேயே தங்கிவிடுவதால், கோப்பின் நகல் வேறெங்காவது போய்ச் சேர்ந்தால் அது பயனற்றதாகிவிடும். அந்த அளவில் அது நல்ல ஏற்பாடு. ஆனால் அதே இயந்திரத்தில் செயலியின் பெயரால் நிரல் ஓட்டக்கூடியவனை அது தடுக்காது.

ஆகவே கடவுச்சொல்லை முழுவதுமாக மறைத்துவிட முடியும் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிட வேண்டும். செயலி படிக்கத்தான் வேண்டும். நம்மால் செய்யக்கூடியது மூன்று: அதைப் படிக்கக்கூடியவர்களின் எண்ணிக்கையைக் குறைப்பது, அது திறந்துவிடும் கதவுகளைக் குறைப்பது, வெளியே போய்விட்டால் அன்றைக்கே மாற்றிவிடும் நிலையில் இருப்பது. முதலாவதில் எல்லோரும் ஓரளவு அக்கறை காட்டுகிறார்கள். மற்ற இரண்டும்தான் கவனிப்பாரற்றுக் கிடக்கின்றன.

உலாவிக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்

பிஎச்பி கோப்பு ஒன்றின் முகவரியை உலாவியில் தட்டினால் அதன் உள்ளடக்கம் தெரிவதில்லை. சர்வர் அதை இயக்கி, விளைவை மட்டும் அனுப்புகிறது. ‘டபிள்யூபி-கான்ஃபிக்.பிஎச்பி’யை இயக்கினால் அனுப்புவதற்கு எதுவும் இல்லை, வெறும் வெள்ளைப் பக்கம்தான் வரும். இந்த ஒரே காரணத்தால்தான் இணையக் கோப்புறைக்குள்ளேயே (உலாவிக்கு எட்டும் கோப்புறை) கிடக்கும் லட்சக்கணக்கான கான்ஃபிக் கோப்புகள் இன்றைக்கும் வெளியே தெரியாமல் இருக்கின்றன. ஆனால் இந்தப் பாதுகாப்பு இரண்டு விதமாக உடையும்.

ஒன்று, பிஎச்பியை இயக்கும் பகுதியே வேலை செய்யாமல் போவது. பதிப்பை உயர்த்தும்போது ஒரு வரி விடுபட்டாலும், இயக்க வேண்டிய கோப்பை சர்வர் அப்படியே உரையாக அனுப்பிவிடும். 2007 ஆகஸ்டில் ஃபேஸ்புக்கின் முகப்புப் பக்க மூலநிரல் வெளியே வந்தது இப்படித்தான். ஒரே ஒரு சர்வர் தவறாக அமைக்கப்பட்டிருந்ததே அதற்குக் காரணம். இரண்டாவது, அன்றாடம் நடப்பது: கோப்பின் நகல் வேறு பெயரில் கிடப்பது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜவுளி வியாபாரியின் ஆர்டர் தளம் மெதுவாக இருக்கிறது என்று என்னிடம் பார்க்கச் சொன்னார்கள். சர்வருக்குள் நுழையும் அனுமதி வந்து சேராததால், வெளியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பழக்கத்தின் காரணமாக, தளத்தின் முகவரியை அடுத்து கான்ஃபிக் கோப்பின் பெயரையும், அதன் வாலில் ‘.பேக்’ என்பதையும் சேர்த்துத் தட்டினேன். வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்தாக முழுக் கோப்பும் வந்து நின்றது. கடவுச்சொல், கடையின் பெயரும் அது தொடங்கப்பட்ட ஆண்டும் சேர்ந்த ஒரு சொல். யாரோ ஒருவர் திருத்தம் செய்யும் முன், எச்சரிக்கையாக ஒரு நகலை எடுத்து வைத்திருக்கிறார். வேலை முடிந்ததும் அழிக்க மறந்திருக்கிறார். சர்வர் தந்த தேதியைப் பார்த்தால் அந்த நகலுக்குப் பதினான்கு மாத வயது. கடவுச்சொல் அதுவரை மாற்றப்படவே இல்லை. அந்தப் பதினான்கு மாதங்களில் வேறு யார் அதைப் பார்த்தார்கள் என்று சொல்வதற்கு, அவ்வளவு பழைய அணுகல் பதிவுகளும் எஞ்சியிருக்கவில்லை. அந்த வியாபாரியிடம் இதைச் சொன்னபோது அவர் கேட்ட ஒரே கேள்வி, “என் வாடிக்கையாளர் நம்பரெல்லாம் வெளியே போயிடுச்சா சார்?” என்பதுதான். எனக்குப் பதில் தெரியவில்லை. இதை எழுதத் தூண்டியது அந்தக் கேள்விதான்.

‘.பிஎச்பி’ என்று முடியும் கோப்பை மட்டுமே சர்வர் இயக்கும், ‘.பேக்’, ‘.ஓல்ட்’, ‘.டிஎக்ஸ்டி’ என்று முடிந்தால் அது வெறும் உரை. நாம் நகல் எடுக்காவிட்டாலும் நம் எடிட்டர் எடுத்துவைக்கும்: விம் எடிட்டர் திறந்த நிலையில் இணைப்பு அறுந்தால் ‘.எஸ்டபிள்யூபி’ கோப்பு ஒன்று தங்கிவிடும், நானோ ‘.சேவ்’ கோப்பை விட்டுச்செல்லும், வேறு சில எடிட்டர்கள் பெயரின் இறுதியில் அலைக்குறி இட்டு ஒரு நகல் வைக்கும். தளத்தை முழுவதுமாகச் சுருக்கி ‘பேக்கப்.ஜிப்’ என்று முதல் கோப்புறையிலேயே வைக்கும் வழக்கமும் உண்டு. இந்தப் பெயர்களை எல்லாம் வரிசையாகத் தட்டிப்பார்க்கும் தானியங்கி நிரல்கள் எந்நேரமும் உலவிக்கொண்டிருக்கின்றன. உங்கள் சர்வரின் அணுகல் பதிவைத் திறந்து ‘.என்வ்’ என்று தேடிப்பாருங்கள். நீங்கள் லாராவெல்லே பயன்படுத்தாவிட்டாலும் அதைக் கேட்டு வந்தவர்களின் வரிசை தெரியும்.

செய்ய வேண்டியது இதுதான். கான்ஃபிக் கோப்பை இணையக் கோப்புறைக்கு வெளியே கொண்டுபோங்கள். வேர்ட்பிரஸ் தன் கோப்புறையில் கான்ஃபிக் கோப்பு இல்லையென்றால் ஒரு படி மேலே இருக்கும் கோப்புறையில் தானாகவே தேடும்; அந்த மேல் கோப்புறையில் இன்னொரு வேர்ட்பிரஸ் நிறுவப்பட்டிருக்கக் கூடாது என்பது மட்டுமே நிபந்தனை. வேறு எந்த அமைப்பும் தேவையில்லை, கோப்பை நகர்த்தினாலே போதும். லாராவெல்லில் இணைய சர்வர் சுட்ட வேண்டியது ‘பப்ளிக்’ என்ற உள்கோப்புறையை மட்டுமே, அப்போது ‘.என்வ்’ இயல்பாகவே வெளியே இருக்கும். பகிர்வு ஹோஸ்டிங்கில் முழு செயலியையும் இணையக் கோப்புறையான ‘பப்ளிக்_எச்டிஎம்எல்’லுக்குள் கொட்டிவிடுவதால்தான் அந்தக் கோப்பு உலகுக்கே தெரிகிறது.

அதற்கு மேல், சர்வரிலேயே ஒரு தடையும் போடுங்கள். புள்ளியில் தொடங்கும் பெயர்கள் அனைத்தையும் மறுக்கும் ஒரு விதியை எழுதினால் ‘.என்வ்’ கோப்பு, நிரலின் மாற்ற வரலாறு இருக்கும் ‘.கிட்’ கோப்புறை இரண்டும் அடைபடும். ‘.வெல்-நோன்’ கோப்புறைக்கு மட்டும் விலக்குக் கொடுங்கள். லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழ் புதுப்பிக்கும்போது அந்த வழியாகத்தான் சரிபார்க்கிறது. ‘.பேக்’, ‘.எஸ்க்யூஎல்’, ‘.எஸ்டபிள்யூபி’ போன்ற வால்களுக்கும் இதே மறுப்பு வேண்டும். அப்பாச்சி இணைய சர்வரில் இந்த விதிகளை ‘.எச்டிஅக்சஸ்’ கோப்பில் எழுதலாம். எஞ்சின்எக்ஸ் என்ற இணைய சர்வர் அந்தக் கோப்பைப் படிப்பதே இல்லை. அப்பாச்சியிலிருந்து மாறிய தளங்களில் பழைய ‘.எச்டிஅக்சஸ்’ இருப்பதைப் பார்த்து, பாதுகாப்பு இருப்பதாக நம்பிக்கொண்டிருப்பவர்களை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். விதியை எழுதியதும் வெளியிலிருந்து, வேறு இணைப்பில், அந்த முகவரிகளைக் கேட்டுப் பாருங்கள். 403 (அனுமதி இல்லை) அல்லது 404 (கோப்பு இல்லை) வர வேண்டும். 200 (கோப்பு கிடைத்தது) வந்தால் வேலை இன்னும் முடியவில்லை.

சர்வருக்குள் யார் படிக்கலாம்

புதிதாக உருவாகும் கோப்புக்கு லினக்ஸ் பெரும்பாலும் 644 என்ற அனுமதியைத் தருகிறது. அதன் பொருள், அந்த சர்வரில் கணக்கு வைத்திருக்கும் எவரும் படிக்கலாம் என்பது. கான்ஃபிக் கோப்பின் உரிமையாளர் ரூட் (சர்வரின் தலைமைப் பயனர்) ஆகவும், குழு இணைய சர்வரின் குழுவாகவும், அனுமதி 640 ஆகவும் இருக்கட்டும். உபுண்டுவிலும் டெபியனிலும் அந்தக் குழு ‘டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா’. இப்படி வைத்தால் செயலி படிக்க முடியும், திருத்த முடியாது, மற்றவர்களுக்குப் படிக்கவும் முடியாது. வேர்ட்பிரஸின் சொந்த ஆவணங்கள் 440 அல்லது 400 என்று இன்னும் இறுக்கமாகவே பரிந்துரைக்கின்றன. ஏதோ பிழை வருகிறது என்று 777 (எவரும் படிக்கலாம், திருத்தலாம்) கொடுத்துப் பார்ப்பவர்கள், பிழை தீர்ந்ததும் அதைத் திரும்பப் பெறுவதில்லை. அந்தப் பழக்கத்தை அடியோடு விட வேண்டும்.

ஒரே சர்வரில் ஐந்து தளங்கள் ஓடுகின்றன, ஐந்தும் ஒரே பயனரின் பெயரில் ஓடுகின்றன என்றால், மேலே சொன்ன அனுமதியால் பயன் குறைவு. ஒரு தளத்தின் பழைய செருகுநிரலில் ஓட்டை இருந்தால், அதன் வழியே நுழைந்தவன் மற்ற நான்கு தளங்களின் கான்ஃபிக் கோப்புகளையும் சாவகாசமாகப் படிப்பான், ஏனெனில் எல்லாவற்றையும் படிப்பது அதே பயனர்தான். பிஎச்பி நிரல்களை இயக்கும் பிஎச்பி-எஃப்பிஎம்மில் ஒவ்வொரு தளத்துக்கும் தனித் தொகுப்பும் தனிப் பயனரும் அமைப்பது அரை மணி நேர வேலை. ஒன்றுக்கு மேற்பட்ட தளங்களை வைத்திருப்பவர்கள் வேறெதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்ய வேண்டும்.

கோப்பின் அனுமதி அதன் நகலைக் காப்பாற்றாது. இரவுதோறும் எடுக்கும் காப்பு நகல் எங்கே போகிறது, அதை யார் திறக்கலாம் என்று பாருங்கள். அசல் 640 ஆகவும், அதையே உள்ளடக்கிய சுருக்கக் கோப்பு 644 ஆகவும் இருக்கும் சர்வர்கள் ஏராளம். காப்பு எடுக்கும் ஸ்கிரிப்டில் கட்டளையோடு சேர்த்தே கடவுச்சொல்லை எழுதும் வழக்கமும் அப்படித்தான்: கட்டளை வரியில் தரப்படும் கடவுச்சொல் ஷெல்லின் வரலாற்றுக் கோப்பில் பதிவாகும், ஓடும் நிரல்களின் பட்டியலிலும் தலைகாட்டக்கூடும். அதற்குப் பதில், உரிமையாளர் மட்டுமே படிக்கக்கூடிய 600 அனுமதி கொண்ட ‘.மை.சிஎன்எஃப்’ கோப்பில் எழுதிவைத்தால் மைஎஸ்க்யூஎல் கருவிகள் தாமாகவே அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு தரவுத்தளத்தில் இதற்கு இணையான ‘.பிஜிபாஸ்’ கோப்பின் அனுமதி தளர்வாக இருந்தால், அந்தக் கருவி அதைப் பொருட்படுத்தாமல் ஒதுக்கிவிடும். இந்தக் கண்டிப்பு எல்லா மென்பொருளிலும் இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

சூழல் மாறிகளும் பிழைச் செய்திகளும்

கடவுச்சொல்லைக் கோப்பில் எழுதாமல், சூழல் மாறியாக (நிரலைத் தொடங்கும்போது இயங்குதளம் அதற்குத் தரும் மதிப்பாக) கொடுங்கள் என்பது பரவலான அறிவுரை. ஹெரோக்கு நிறுவனத்தைச் சார்ந்தவர்கள் 2011 வாக்கில் எழுதிய ‘பன்னிரு காரணிச் செயலி’ என்னும் நெறிமுறை இதைப் பிரபலப்படுத்தியது. அதில் ஒரு நல்ல உரைகல் உண்டு: உங்கள் மூலநிரலை இந்த நொடியே உலகுக்குத் திறந்து வைத்தால், எந்தக் கடவுச்சொல்லும் வெளிப்படாமல் இருக்குமா? ஆம் என்று சொல்ல முடிந்தால் நிரலும் ரகசியமும் சரியாகப் பிரிந்திருக்கின்றன. அந்தப் பிரிவுக்காகச் சூழல் மாறி நல்லதே. அதை ஒரு பெட்டகம் என்று மட்டும் கருதிவிடக் கூடாது. செயலி தொடங்கிவைக்கும் துணை நிரல்களுக்கும் அந்த மாறிகள் போய்ச் சேரும். சோதனைக்காக யாரோ விட்டுச்சென்ற ‘பிஎச்பிஇன்ஃபோ’ பக்கம் அவற்றை அட்டவணை போட்டுக் காட்டும்.

பிழைச் செய்தி இதைவிட மோசமான எதிரி. தரவுத்தளம் சில நொடிகள் பதில் சொல்லாமல் போகும்போது, பிடிஓ (பிஎச்பியில் தரவுத்தளத்துடன் பேசும் பகுதி) இணைப்பு வீசும் பிழையைச் செயலி பிடிக்காமல் விட்டுவிட்டால், பழைய பிஎச்பி பதிப்புகள் அந்த இணைப்புக்குத் தரப்பட்ட பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் சேர்த்தே திரையில் அச்சிடக்கூடும். அதாவது தளம் விழுந்துகிடக்கும் அந்த நேரத்தில் வந்தவர்கள் அத்தனை பேருக்கும் சாவி காட்டப்படுகிறது. எனவே உண்மையான தளத்தில் ‘டிஸ்ப்ளே_எரர்ஸ்’ அணைக்கப்பட்டிருக்க வேண்டும், பிழைகள் பதிவுக் கோப்புக்கு மட்டும் போக வேண்டும். பிஎச்பி 7.4 முதல் பிழைத் தடத்தில் உள்ளீட்டு மதிப்புகளையே தவிர்க்கும் ‘ஸெண்ட்.எக்செப்ஷன்_இக்னோர்_ஆர்க்ஸ்’ அமைப்பு இருக்கிறது. அதை இயக்கி வையுங்கள். 8.2 முதல் ரகசிய உள்ளீடு என்று குறித்துவைக்கும் வசதியும் வந்துவிட்டது. லாராவெல்லில் பிழை விவரங்களைத் திரையில் காட்டும் ‘ஆப்_டீபக்’ உண்மை என்ற மதிப்பில் இருக்கவே கூடாது.

லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியில், 247-ஆம் பதிப்பிலிருந்து ‘லோட்கிரெடென்ஷியல்’ என்ற வழி உண்டு. கடவுச்சொல் அந்தச் சேவைக்கு மட்டும் எட்டும் ஒரு தற்காலிகக் கோப்பாகத் தரப்படும், துணை நிரல்களுக்குத் தானாக வழிந்தோடாது. ஹாஷிகார்ப் வால்ட் போன்ற ரகசியக் காப்பகங்கள் இன்னும் ஒரு படி மேலே போய், கேட்கும்போதெல்லாம் சில மணி நேரமே வாழும் புதிய பயனரைத் தரவுத்தளத்தில் உருவாக்கித் தரும். பல சர்வர்களும் பல குழுக்களும் உள்ள இடத்தில் அது தேவை. ஒரே சர்வரில் ஓடும் கடைத் தளத்துக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். காப்பகத்தைத் திறக்கும் சாவியை எங்கே வைப்பது என்ற கேள்வி அங்கேயும் எழும், பராமரிக்க இன்னொரு மென்பொருளும் சேர்ந்துவிடும்.

கிட் வரலாற்றில் சிக்கியது

நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கும் கருவி கிட். அது பதிய வேண்டாத கோப்புகளுக்கான ‘.கிட்இக்னோர்’ பட்டியலில் ‘.என்வ்’ கோப்பை முதல் நாளே சேர்த்துவிடுங்கள். மதிப்புகள் இல்லாத மாதிரிக் கோப்பை மட்டும் களஞ்சியத்தில் வையுங்கள். தவறிப்போய் ஒருமுறை சேர்ந்துவிட்டால், அடுத்த பதிவில் அழிப்பதால் பயனில்லை. பழைய பதிவுகள் முழுவதையும் கிட் வைத்திருக்கிறது. களஞ்சியத்தை நகலெடுத்த ஒவ்வொருவரிடமும் அது இருக்கிறது. ‘கிட் ஃபில்டர்-ரெப்போ’ கொண்டு வரலாற்றைத் திருத்தலாம் என்றாலும், அது இரண்டாவது வேலை. முதல் வேலை, கடவுச்சொல்லை மாற்றுவது.

களஞ்சியம் தனிப்பட்டதுதானே என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். ஊபர் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் பொதுவில் இட்ட அணுகல் சாவியைக் கொண்டு 2014-இல் ஓட்டுநர்களின் விவரங்கள் எடுக்கப்பட்டன. 2016-இல் நடந்ததோ தனிப்பட்ட களஞ்சியத்தில்தான்: அதற்குள் நுழைந்தவர்கள் அங்கிருந்த அமேசான் சாவியைக் கண்டெடுத்து, உலகெங்கும் 5.7 கோடிப் பயனர்கள், ஓட்டுநர்களின் தரவுகளை அள்ளிச் சென்றார்கள். செயலியையும் அதற்கு வேண்டியவற்றையும் அடுக்கடுக்காகக் கட்டிவைக்கும் டாக்கர் படிமங்களிலும் இதே ஆபத்து இருக்கிறது. ஓர் அடுக்கில் நகலெடுத்த கோப்பை அடுத்த அடுக்கில் அழித்தாலும் முதல் அடுக்கில் அது அப்படியே இருக்கும். அப்படிப்பட்ட படிமங்களை ஓட்டி நிர்வகிக்கும் குபெர்னெட்டிஸின் ரகசியங்களில் தெரியும் புரியாத எழுத்துகளும் மறையாக்கம் அல்ல, பேஸ்64 குறியாக்கம் மட்டுமே. ஒரே கட்டளையில் அவிழ்ந்துவிடும்.

சாவி எத்தனை கதவுகளைத் திறக்கிறது?

2017-இல் அமெரிக்காவின் ஈக்விஃபேக்ஸ் நிறுவனத்தில் நடந்த கசிவை, கான்ஃபிக் கோப்பு வைத்திருக்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் மென்பொருளில் இருந்த ஓட்டையின் வழியே ஒரு செயலிக்குள் நுழைந்தவர்கள், மறையாக்கம் செய்யப்படாத பயனர் பெயர்களும் கடவுச்சொற்களும் இருந்த ஒரு கோப்பைக் கண்டுபிடித்தார்கள். அவற்றைக் கொண்டு, அந்தச் செயலிக்குத் தொடர்பே இல்லாத 48 தரவுத்தளங்களுக்குள் சென்று சுமார் 9,000 முறை வினவினார்கள் என்று அமெரிக்க நாடாளுமன்றக் கீழவைக் குழுவின் அறிக்கை கூறுகிறது. பாதிக்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 14.7 கோடிப் பேர். ஓட்டையை அடைக்காதது முதல் பிழை. ஆனால் அந்த ஓட்டைக்குள் வந்தவனால் இவ்வளவு தூரம் போக முடிந்ததற்குக் காரணம், கையில் கிடைத்த சாவிகள் தேவைக்கு மீறிய கதவுகளைத் திறந்ததுதான்.

உங்கள் செயலி தரவுத்தளத்தில் எந்தப் பயனரின் பெயரில் நுழைகிறது என்று இப்போதே பாருங்கள். எல்லா உரிமைகளும் கொண்ட ‘ரூட்’ என்று இருந்தால், மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் முன்னால் அதை மாற்றுங்கள். ஒவ்வொரு செயலிக்கும் தனிப் பயனர், அந்தப் பயனருக்குத் தன் தரவுத்தளத்தில் மட்டும் படிக்க, சேர்க்க, திருத்த, நீக்க அனுமதி. அன்றாட வேலைக்கு அது போதும். அட்டவணைகளின் அமைப்பை மாற்றும் உரிமையை வேறொரு பயனருக்குக் கொடுத்து, பதிப்பை உயர்த்தும்போது மட்டும் அதைப் பயன்படுத்தலாம். வேர்ட்பிரஸ் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும்போது அட்டவணைகளை மாற்ற நேரும் என்பதால் அதற்கு அந்த உரிமையையும் சேர்த்துத்தான் தர வேண்டியிருக்கும். அது தவிர்க்க முடியாதது. ‘ஃபைல்’ என்ற உரிமையை மட்டும் எந்தச் செயலிக்கும் கொடுக்காதீர்கள். அது இருந்தால், எஸ்க்யூஎல் வழியாகவே தரவுத்தள சர்வரில் உள்ள கோப்புகளைப் படிக்க முடியும்.

கடவுச்சொல் கையில் இருந்தும் வாசல் கிடைக்காமல் செய்யலாம். தரவுத்தளமும் செயலியும் ஒரே சர்வரில் இருந்தால் மைஎஸ்க்யூஎல்லின் ‘பைண்ட்-அட்ரஸ்’ 127.0.0.1 ஆக இருக்கட்டும்; 3306 என்ற வாயில் வெளியுலகுக்குத் திறந்திருக்க எந்தக் காரணமும் இல்லை. வேறு சர்வரில் இருந்தால், செயலி சர்வரின் முகவரியிலிருந்து மட்டுமே நுழையலாம் என்று பயனரை உருவாக்கும்போதே குறிப்பிடுங்கள். எந்த முகவரியும் சரி என்று பொருள்படும் விழுக்காட்டுக் குறியை அந்த இடத்தில் இடாதீர்கள். அந்த ஜவுளித் தளத்தில் வாயில் மூடியிருந்ததை அன்று பார்த்தபோதுதான் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

ஒரே சர்வர் என்றால் இன்னொரு வழியும் உண்டு, பலரும் அறியாதது: கடவுச்சொல்லே இல்லாமல் இணைவது. மைஎஸ்க்யூஎல்லிலிருந்து கிளைத்த மரியாடிபியின் ‘யூனிக்ஸ்_சாக்கெட்’, மைஎஸ்க்யூஎல்லின் ‘ஆத்_சாக்கெட்’, போஸ்ட்கிரெஸின் ‘பியர்’ ஆகிய மூன்றும், இணைய வருவது எந்த லினக்ஸ் பயனர் என்று இயங்குதளத்திடமே கேட்டு அனுமதிக்கின்றன. கான்ஃபிக் கோப்பில் ரகசியம் என்று எழுத எதுவும் இருக்காது. தளத்துக்கு ஒரு தனிப் பயனர் வேண்டும் என்று முன்பு வலியுறுத்தியது இங்கே இரட்டிப்பாகப் பொருந்தும், ஏனெனில் அந்த லினக்ஸ் பயனரின் பெயரில் ஓடும் எதுவும் தரவுத்தளத்துக்குள் நுழைந்துவிடும்.

மாற்றிப் பழகுங்கள்

கசிந்துவிட்டது என்று தெரிந்த பிறகு, கடவுச்சொல்லை மாற்றினால் எது நின்றுபோகுமோ என்று அஞ்சி நாட்களைக் கடத்தும் நிலை வரக் கூடாது. எனவே எந்தக் கசிவும் இல்லாத ஒரு சாதாரண நாளில் ஒருமுறை மாற்றிப் பாருங்கள்.

புதிய கடவுச்சொல்லை மனத்தால் யோசிக்க வேண்டாம். ‘ஓபன்எஸ்எஸ்எல்’ கருவியிடம் 32 பைட் பதினறும எண்ணாகக் கேட்டால் 64 எழுத்துகள் தரும். அதில் எண்களும் ஆங்கிலத்தின் முதல் ஆறு எழுத்துகளும் மட்டுமே இருப்பதால் இன்னொரு வசதி உண்டு: ‘.என்வ்’ கோப்பில் எண்குறியை (#) கருத்துரையின் தொடக்கமாகவும், டாலர் குறியை மாறியாகவும் எடுத்துக்கொண்டு கடவுச்சொல்லைப் பாதியில் வெட்டிவிடும் சிக்கல் நேராது.

மைஎஸ்க்யூஎல் 8.0.14 முதல் ஒரு பயனருக்கு ஒரே நேரத்தில் இரண்டு கடவுச்சொற்கள் இருக்கலாம். ‘ஆல்டர் யூசர்’ கட்டளையில் புதியதைக் கொடுத்து, இறுதியில் ‘ரீடெய்ன் கரன்ட் பாஸ்வேர்டு’ என்று சேர்த்தால் பழையதும் செல்லும். தளம் ஒரு நொடியும் நிற்காது. மரியாடிபியிலோ பழைய பதிப்புகளிலோ, இதே உரிமைகளுடன் இரண்டாவது பயனரை உருவாக்கி, செயலியை அதற்கு மாற்றி, பிறகு முதல் பயனரை நீக்கிவிடலாம்.

அடுத்து, கான்ஃபிக் கோப்பில் புதியதை எழுதுங்கள். லாராவெல்லில் இங்கே ஒரு சறுக்கல் காத்திருக்கிறது: கான்ஃபிக் கேஷ் (விரைவுக்காக எடுத்துவைக்கும் நகல்) போட்டிருந்தால் செயலி ‘.என்வ்’ கோப்பைப் பார்ப்பதே இல்லை. ‘பூட்ஸ்ட்ராப்’ கோப்புறைக்குள் இருக்கும் கேஷ் கோப்பிலிருந்துதான் படிக்கிறது. அதைப் புதிதாக உருவாக்க வேண்டும். அந்தக் கேஷ் கோப்பிலும் கடவுச்சொல் வெற்று எழுத்தாகத்தான் இருக்கிறது என்பதையும் நினைவில் வைத்து, ‘.என்வ்’ கோப்புக்குக் கொடுத்த அதே இறுக்கமான அனுமதியை அதற்கும் கொடுங்கள். பின்னணியில் நாள்கணக்காக ஓடும் க்யூ வேலையாட்கள் (வரிசையில் உள்ள பணிகளை முடிக்கும் நிரல்கள்) பழைய மதிப்பையே நினைவில் வைத்திருப்பார்கள். அவர்களையும் மறுதொடக்கம் செய்யுங்கள். பிஎச்பி-எஃப்பிஎம்மையும் ஒருமுறை மறுஏற்றம் செய்துவிடுங்கள்.

இப்போது, பழைய கடவுச்சொல் வேறெங்கெல்லாம் எழுதப்பட்டிருக்கிறது என்று தேடுங்கள். அதன் ஒரு பகுதியைக் கொண்டு சர்வர் முழுவதையும் ‘கிரெப்’ கட்டளையால் தேடினால், எவருக்கும் நினைவில்லாத இடங்கள் வெளிவரும்: குறித்த நேரத்தில் தானாக ஓடும் கிரான் வேலை ஒன்று, மாத அறிக்கைக்காக எப்போதோ எழுதிய ஸ்கிரிப்ட், ஹோம் கோப்புறையில் கிடக்கும் பழைய நகல். தேடி முடித்ததும் அந்தக் கட்டளையை ஷெல் வரலாற்றிலிருந்து நீக்கிவிடுங்கள்.

எல்லாம் புதியதில் ஓடுகிறது என்று உறுதியானதும் ‘டிஸ்கார்ட் ஓல்ட் பாஸ்வேர்டு’ கொடுத்துப் பழையதைக் கைவிடுங்கள். கடவுச்சொல் இணையும்போது மட்டுமே சரிபார்க்கப்படுகிறது. முன்பே திறந்திருக்கும் இணைப்புகள் அப்படியே உயிரோடு இருக்கும். உண்மையான கசிவுக்குப் பிறகு மாற்றுகிறீர்கள் என்றால் இணைப்புகளின் பட்டியலைப் பார்த்து, அந்நியமானவற்றைத் துண்டியுங்கள். பிறகு பழைய கடவுச்சொல்லைக் கொண்டு நீங்களே நுழைய முயலுங்கள்; அனுமதி மறுக்கும் 1045 என்ற பிழை வர வேண்டும். மறுநாள் காலையில் இரவு எடுத்த காப்பு நகலின் அளவைப் பாருங்கள். கடவுச்சொல் பொருந்தாமல் போன ஸ்கிரிப்டும் கோப்பை உருவாக்கத்தான் செய்யும்; ஜிஜிப் கொண்டு சுருக்கப்பட்டிருந்தால் அதன் அளவு வெறும் 20 பைட்டாக இருக்கும்.